கல்யாண டிவிடியைச் சுருக்கலாமா? காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருள்கள் பற்றி ஒரு விளக்கம்

புதிதாக வரும் மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் இல்லை. வீட்டில் டிவிக்குக் கீழே இருந்த பிளேயர் பழுதானால் அதைச் சரிசெய்ய ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. இதனால் மதுரையிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வட்டாரத்திலும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கும்பாபிஷேகம் ஆகியவற்றுக்கு ஸ்டுடியோக்காரர்கள் ரைட் செய்து கொடுத்த வட்டுகளை வைத்திருப்பவர்கள், அவற்றைப் பென்டிரைவுக்கு மாற்றும் வழியைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ஒருவர் டிவிடி ஷ்ரிங்க் என்ற மென்பொருள் போதும் என்கிறார். இன்னொருவர் ஹேண்ட்பிரேக் என்கிறார். கணினிக் கடையில் “ஜிப் பண்ணித் தருகிறோம்” என்கிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இவை அனைத்தும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணம். உண்மையில் இவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சிக்கலுக்காக எழுதப்பட்டவை. டிவிடியைச் சுருக்கும் மென்பொருள்கள் 2004 வாக்கில் இருந்த இடப் பற்றாக்குறைக்கு விடையாக வந்தன. இன்று இடம் மலிந்துவிட்டது, வட்டுகள்தான் மூப்படைந்துவிட்டன. ஆகவே, எந்த மென்பொருள் நன்றாகச் சுருக்குகிறது என்று கேட்பதற்கு முன், வட்டில் இருப்பது முழுமையாக வெளியே வருகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு வட்டில் 8.5 ஜிபி. இவை ஆயிரத்தால் பெருக்கிச் சொல்லும் கணக்குகள். விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுவதால் 4.7 ஜிபி வட்டை ஏறக்குறைய 4.38 ஜிபி என்று காட்டும். வட்டில் ஏதோ குறைகிறது என்று இதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

வட்டைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறை தெரியும். அதில் மூன்று வகைக் கோப்புகள் உள்ளன. படமும் ஒலியும் விஓபி கோப்புகளில் இருக்கும்; ஒரு விஓபி 1 ஜிபி அளவைத் தாண்டக்கூடாது என்பது விதி என்பதால், ஒரே கல்யாணம் நான்கைந்து துண்டாகக் கிடக்கும். மெனு எங்கே, எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்பவை ஐஎஃப்ஓ கோப்புகள். அவற்றின் மறுபிரதிகள் பியுபி கோப்புகள்.

படம் எம்பெக்-2 முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. நம் நாட்டில் வழங்கிய பால் (PAL) என்ற டிவி முறையில், 720-க்கு 576 புள்ளிகள் கொண்ட 25 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஒரு நொடிக்கு. படத்துக்கு நொடிக்கு அதிகபட்சம் 9.8 மெகாபிட் ஒதுக்கலாம். ஆனால் 4.7 ஜிபி வட்டில் இரண்டு மணி நேரக் காணொளியை அடக்க வேண்டுமானால், ஒலியையும் சேர்த்து நொடிக்கு 5 மெகாபிட் அளவுக்குத்தான் இடம் வரும். மூன்று மணி நேரத்தையும் ஒரே வட்டில் தள்ளியிருந்தால் அது 3.5 மெகாபிட்டுக்குக் கீழே போய்விடும். அதாவது ஸ்டுடியோவிலேயே ஒரு முறை தரம் இறங்கிய பிறகுதான் வட்டு வீட்டுக்கு வருகிறது.

கடைக்காரர் சொல்லும் ஜிப், அதைப் போன்ற ரார் ஆகியவை இங்கே பயன்படாததற்கும் இதுதான் காரணம். திரும்பத் திரும்ப வரும் தகவலைக் கண்டுபிடித்துச் சுருக்குவது அவற்றின் வேலை. எம்பெக்-2 அந்த மிகையை முன்பே வடித்தெடுத்துவிட்டது. 4 ஜிபி விஓபிகளை ஜிப் செய்தாலும் கிட்டத்தட்ட 4 ஜிபிதான் இருக்கும்.

சுருக்கும் தேவை எங்கிருந்து வந்தது?

திரைப்பட நிறுவனங்கள் தொழிற்சாலையில் அச்சிடும் வட்டுகள் பல இரட்டை அடுக்கு கொண்டவை. கடையில் வாங்கும் வெற்று டிவிடியோ ஒற்றை அடுக்கு. எழுதக்கூடிய இரட்டை அடுக்கு வட்டு 2004-இல்தான் சந்தைக்கு வந்தது, அதுவும் எட்டாத விலையில். 8.5 ஜிபி படத்தை 4.7 ஜிபிக்குள் அடக்க வேண்டும் என்ற அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் டிவிடி ஷ்ரிங்க். அதன் கடைசி அதிகாரபூர்வப் பதிப்பான 3.2.0.15 வெளியானதும் 2004-இல்தான்.

இதே காலத்தில், நகலெடுப்பதைத் தடுக்க வட்டில் போடப்படும் பூட்டு பற்றிய சண்டையும் நடந்தது. வணிக வட்டுகளில் சிஎஸ்எஸ் என்ற 40 பிட் மறையாக்கம் உண்டு. 1999-இல் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் முதலியோர் வெளிக்கொணர்ந்த டிசிஎஸ்எஸ் நிரல் அதை உடைத்தது. வழக்குத் தொடரப்பட்டு, 2003-இல் யோஹான்சன் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. டிவிடி நகலெடுக்கும் மென்பொருள் விற்ற 321 ஸ்டுடியோஸ் நிறுவனம் 2004-இல் நீதிமன்றத்தில் தோற்று அதே ஆண்டில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, பூட்டை உடைத்து நகலெடுக்கும் டிவிடி டிக்ரிப்டர் என்ற மென்பொருளும் நின்றது. அதை எழுதியவர், பூட்டு உடைக்கும் பகுதி இல்லாத இம்க்பர்னைப் பின்னர் வெளியிட்டார்.

உள்ளூர் ஸ்டுடியோ ரைட் செய்த வட்டில் இந்தப் பூட்டு எதுவும் கிடையாது. திரைப்பட வட்டுகளைப் பற்றி எழுதப்பட்ட வழிமுறைகளைக் கல்யாண வட்டுக்கும் அப்படியே பின்பற்றுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. வணிக வட்டு எந்த நாடுகளில் ஓடும் என்பதைக் குறிக்கும் வட்டார எண் சிக்கலும் அப்படியே. இந்தியா 5-ஆம் வட்டாரம், சிங்கப்பூரும் மலேசியாவும் 3-ஆம் வட்டாரம். உறவினர் அங்கிருந்து வாங்கி வந்த படத்துக்காகக் கணினி டிரைவின் வட்டாரத்தை 5 முறைதான் மாற்ற முடியும். வீட்டு விசேஷ வட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

மூன்று வழிகள்

வட்டை அப்படியே முழுமையாக நகலெடுப்பவை தவிர, டிவிடியில் உள்ளதைக் கோப்பாக்கும் மென்பொருள்கள் அனைத்தும் கீழ்க்காணும் மூன்றில் ஒன்றைச் செய்கின்றன.

1. துல்லியத்தைக் குறைத்து எழுதுதல். எம்பெக்-2 ஒரு சட்டகத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் சில எண்களாக மாற்றிவைக்கிறது. டிவிடி ஷ்ரிங்க் படத்தை முழுமையாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்த எண்களை மட்டும் எடுத்து, இன்னும் தோராயமாக்கி எழுதிவிடுகிறது. அந்தக் காலக் கணினியிலும் வேலை விரைவாக முடிந்ததன் ரகசியம் இதுதான். ஆனால் ஒரு விலை உண்டு. பெரும்பாலான சட்டகங்கள் முந்தைய சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே வைத்திருப்பவை. ஒன்றில் நேர்ந்த பிழை அடுத்ததற்கும் கடத்தப்பட்டு, அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை சேர்ந்துகொண்டே போகும். முழுச் சட்டகம் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒருமுறை வருவதால், கடுமையாகச் சுருக்கிய படத்தில் சுவரும் திரைச்சீலையும் அரை நொடிக்கு ஒருமுறை துடிப்பதுபோல் தெரியும்.

2. மறுகுறியாக்கம். படத்தை முழுவதும் விரித்து, மீண்டும் புதிதாகச் சுருக்குவது. எம்பெக்-2 ஆகவே திரும்ப எழுதலாம், எச்.264, எச்.265 போன்ற பிற்கால முறைகளுக்கும் மாற்றலாம். நேரம் அதிகம் எடுக்கும். கோப்பின் அளவு அதேயாக இருந்தால், முதல் வழியைவிடத் தரம் மேலானதாக இருக்கும். என்றாலும் மூலத்தில் இருந்த தரத்தை எட்டாது.

3. உறை மாற்றம், அதாவது ரீமக்ஸ். படத்தையும் ஒலியையும் தொடாமல், விஓபி உறையிலிருந்து எடுத்து எம்கேவி போன்ற வேறு உறையில் போடுவது. தரம் துளியும் குறையாது, அளவும் குறையாது.

முதல் இரண்டு வழிகளில் எவ்வளவு இழப்பு நேரும் என்பது மென்பொருளைவிடக் காட்சியைப் பொறுத்தது. மண்டபத்தில் முக்காலியில் நிற்கும் கேமரா, அசையாத மேடை அலங்காரம், வரிசையாக வந்து கைகொடுத்து நகரும் விருந்தினர்: இதைச் சுருக்குவது எளிது, ஏனெனில் பின்னணி மாறுவதே இல்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் காட்சியை ஒருவர் கையில் கேமராவைப் பிடித்து எடுத்திருக்கிறார் என்று வையுங்கள். விடியற்காலை மங்கலில் படமெங்கும் புள்ளிப்புள்ளியாக இரைச்சல். லட்சக்கணக்கான தலைகள் அலையாக நகர்கின்றன. தோல் பைகளில் இருந்து பீய்ச்சும் தண்ணீர் விளக்கொளியில் ஒவ்வொரு சட்டகத்திலும் புதிய வடிவம் கொள்கிறது. முந்தைய சட்டகத்தைப் பார்த்து அடுத்ததை ஊகிக்கும் வழி இங்கே எடுபடாது. நொடிக்கு 5 மெகாபிட் இருந்தபோதே இந்த இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்த படம், இரண்டு மணி நேரத்தை 700 எம்பிக்குள் சுருக்குவதற்காக 0.8 மெகாபிட்டுக்குக் குறையும்போது அழகரின் முகமே தெரியாத குழம்பலாகிவிடும். ஜல்லிக்கட்டு வீடியோக்களில் வாடிவாசல் புழுதிக்கும் இதே கதிதான்.

மென்பொருள்கள்

1. டிவிடி ஷ்ரிங்க். மெனுவோடு சேர்த்துச் சுருக்கி, மீண்டும் டிவிடியாகவே எழுத விரும்பினால் இன்றும் பயன்படும். 8.5-ஐ 4.7 ஆக்குவது என்றால் மூலத்தில் ஏறக்குறைய 55 விழுக்காடுதான் மிஞ்சும். வேண்டாத ஒலித்தடங்களையும் துணுக்குகளையும் நீக்கினால் படத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். ‘டீப் அனாலிசிஸ்’ என்பதை இயக்கினால், எந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே அளந்துகொள்ளும். பெரிய குறை, சேதமான வட்டைக் கண்டால் சைக்ளிக் ரிடன்டன்சி பிழை (தகவலைச் சரியாகப் படிக்க முடியவில்லை) என்று காட்டிவிட்டு நின்றுவிடுவது. இது இலவச மென்பொருள். 2004-க்குப் பிறகு அதிகாரபூர்வப் பதிப்பு இல்லாததால், புதிய பதிப்பு என்று காசு கேட்பவர்களிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

2. டிவிடி ரீபில்டர். மெனுவைக் காப்பாற்றிக்கொண்டே படத்தை எம்பெக்-2 ஆக மறுகுறியாக்கம் செய்தது. ஷ்ரிங்கைவிடத் தரம் மேல், நேரம் பன்மடங்கு. இன்று இதைத் தேடிப்போக வேண்டிய தேவை அநேகமாக இல்லை.

3. ஹேண்ட்பிரேக். 2003-இல் தொடங்கி இன்றும் வளர்ந்துவரும் திறமூலத் திட்டம். மறுகுறியாக்கம் மட்டுமே செய்யும்; மெனுவை விட்டுவிடும்; பூட்டை உடைக்கும் வசதி தன்னிடம் கிடையாது. இதில் இரண்டு அமைப்புகளைக் கவனித்தால் போதும். முதலாவது ஆர்எஃப் என்ற தர எண். டிவிடி அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை வைக்கும்படி ஹேண்ட்பிரேக்கின் கையேடே சொல்கிறது. எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். இவ்வளவு எம்பிக்குள் வர வேண்டும் என்று அளவைக் கட்டாயப்படுத்துவதைவிட இதுவே நல்ல முறை. அழகர் காட்சிக்குக் கேட்கும் இடம் கிடைக்கும், மேடைக் காட்சியில் வீணாகாது. இரண்டாவது, பலர் கவனிக்காதது. பழைய டேப் கேமராக்கள் ஒரு சட்டகத்தை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக, நொடிக்கு 50 பாதிகள் என்று பதிவு செய்தன. இவற்றைச் சரியாகப் பிரிக்காவிட்டால் அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரியும். டீஇன்டர்லேஸ் பகுதியில் ‘பாப்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, நொடிக்கு 50 சட்டகம் என்று வைத்தால், கரகாட்டத்தின் சுழற்சி அன்று பிளேயரில் தெரிந்ததுபோலவே வழுக்கிக்கொண்டு ஓடும். 25 என்று விட்டுவிட்டால் அசைவில் பாதி போய்விடும்.

4. மேக்எம்கேவி. உறை மாற்றம் மட்டும் செய்வது. நான்கைந்து விஓபியையும் ஒரே கோப்பாக இணைத்துத் தரும். இயல்பாக 120 நொடிக்குக் குறைந்த பகுதிகளைத் தவிர்த்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மணமக்களின் பெயர் பூவிதழ்களோடு பறந்துவரும் தொடக்கத் துணுக்கு தனிப் பகுதியாக இருந்தால் அது விடுபட்டுப் போகலாம். அமைப்பில் அந்த எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம்.

5. இம்க்பர்ன். பூட்டில்லாத வட்டை முழுமையாக ஐஎஸ்ஓ என்ற ஒற்றைப் பிம்பக் கோப்பாக்கும்; மெனு உட்பட எல்லாம் இருக்கும். கடைசிப் பதிப்பு 2013-இல் வந்த 2.5.8.0. அதன் நிறுவியோடு விளம்பர மென்பொருளும் சேர்ந்து வந்ததால், நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் படித்துப் பார்க்க வேண்டும்.

6. ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ. சேதமான வட்டிலிருந்து தகவலை மீட்பது; லினக்ஸில் கட்டளை வரியில் இயங்குவது. அழகான முகப்பு இல்லை. சுருக்கத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் மதுரை வீட்டுப் பீரோக்களில் இருக்கும் வட்டுகளுக்கு இந்தப் பட்டியலில் மிகவும் தேவையானது இதுதான்.

ரைட் செய்த வட்டு ஏன் கெடுகிறது?

தொழிற்சாலையில் அச்சிட்ட வட்டில் தகவல் பள்ளங்களாகப் பதிக்கப்பட்டிருக்கும். ரைட் செய்த வட்டில் பள்ளம் கிடையாது. கரிமச் சாயப் பூச்சு ஒன்றை லேசர் ஆங்காங்கே சுட்டு நிறம் மாற்றியதுதான் பதிவு. சாயம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் மங்கும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையின் பரணில், ஆல்பத்தோடு பிளாஸ்டிக் உறையில் பதினைந்து வருடம் கிடந்த வட்டு பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். டிரைவில் போட்டால் பாதியில் திணறும்.

இன்னொரு கேடு ஸ்டிக்கர். மணமக்கள் படத்தை வட்டமான தாளில் அச்சிட்டு வட்டின் மேல் ஒட்டித் தருவது வழக்கமாக இருந்தது. பசை காய்ந்து ஒரு பக்கம் காற்றுக் குமிழி எழும்பியிருப்பதை விரலால் தடவினாலே உணரலாம். வேகமாகச் சுழலும்போது அந்தச் சிறு ஏற்றத்தாழ்வே வட்டை ஆட்டிவைக்கப் போதுமானது. இதற்காக ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரு தகடுகளின் ஒட்டு. தகவல் நடுவில் இருக்கிறது. இழுக்கும் வேகத்தில் வட்டு வளைந்தாலோ ஒட்டு பிரிந்தாலோ மீட்க வழியில்லை. உரிப்பதற்குப் பதிலாகப் படிக்கும் வேகத்தைக் குறைப்பதே சரி.

டிவிடியில் பிழை திருத்த ஏற்பாடு உண்டு. 2048 பைட் கொண்ட 16 பிரிவுகள் ஒரு தொகுதி. தொகுதிக்குள் சிறு சேதம் இருந்தால் டிரைவே கணக்குப் போட்டு நிரப்பிவிடும். சேதம் எல்லை தாண்டினால் 16 பிரிவும், அதாவது 32 கேபி, சேர்ந்து போய்விடும். சில சட்டகங்கள் உடைந்து தெரிவதோடு இது முடிந்துவிடக்கூடிய இழப்புதான். ஆனால் சாதாரண நகலெடுப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடுவதால், அதற்குப் பின்னால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு மணி நேரமும் கைக்கு வராமல் போகிறது.

டிடிரெஸ்க்யூ முதலில் எளிதாகப் படிக்க முடிந்த எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துக்கொண்டு, கடைசியில் திரும்பி வந்து முயல்கிறது. அந்த வரைபடக் கோப்பு இருக்கும்வரை, அதே வட்டை வேறொரு டிரைவில் போட்டு, விடுபட்ட இடங்களை மட்டும் மீண்டும் தேடலாம். டிரைவுக்கு டிரைவ் படிக்கும் திறன் மாறும் என்பதால் இது பெரிய நன்மை. யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் கைவிட்டதைப் பழைய மேசைக்கணினி டிரைவ் எடுத்துத் தருவது உண்டு.

வட்டின் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிச் செல்வதையும் கவனிக்க வேண்டும். கைபடுவதும் ஈரம் நுழைவதும் விளிம்பில்தான் அதிகம். முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்ற வரிசையில் வட்டு நிரம்பியிருந்தால், தாலி கட்டும் காட்சி வெளிப்பாதியில்தான் இருக்கும். முதல் பத்து நிமிடம் ஓடுகிறது என்பதை வைத்து வட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு இடம் தருகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. நோக்கம் என்ற சொல் அங்கே முக்கியமானது. திரைப்பட வட்டை நகலெடுத்து விற்பதும் பகிர்வதும் தெளிவான மீறல். பூட்டே இல்லாத உங்கள் குடும்ப விசேஷ வட்டை உங்கள் வீட்டுக்காக நகலெடுப்பதில் 65ஏ பிரிவுக்கு வேலையே இல்லை.

வேலையின் வரிசை

1. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் பதிவின் போக்கிலேயே நீளும்.

2. முதலில் முழு ஐஎஸ்ஓ பிம்பம். வட்டு நன்றாக இருந்தால் இம்க்பர்ன். திணறினால் வேறு எதையும் முயன்று வட்டைச் சிரமப்படுத்தாமல் நேரே டிடிரெஸ்க்யூ. இந்தக் கட்டத்தில் சுருக்கம் கூடவே கூடாது.

3. பிம்பத்தைக் கணினியில் விஎல்சி பிளேயரில் திறந்து, தொடக்கம், நடு, கடைசி என்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.

4. ஐஎஸ்ஓவை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். 1 டிபி ஹார்ட் டிஸ்கில் ஒற்றை அடுக்கு டிவிடி 200-க்கு மேல் அடங்கும்; ஒரு குடும்பத்தின் மொத்த விசேஷமும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. இரண்டாவது பிரதி வேறு வீட்டில், சகோதரி வீட்டிலோ பிள்ளை வீட்டிலோ, இருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கிவிடும். அதைப் பிரதியாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

5. கடையில் கொடுத்துச் செய்வதானால், “எம்பி4 ஆக்கித் தாருங்கள்” என்று கேட்காமல், “ஐஎஸ்ஓவும் வேண்டும்” என்று கேட்டு வாங்க வேண்டும். டிவிடி 4 ஜிபி இருந்து கடைக்காரர் தரும் கோப்பு 600 எம்பி மட்டும் இருந்தால், இடையில் சுருக்கம் நடந்திருக்கிறது என்று பொருள்.

6. டிவியில் பார்ப்பதற்கென்று ஒரு பிரதி தேவைப்படும், ஏனெனில் பல டிவிகள் பென்டிரைவில் உள்ள ஐஎஸ்ஓவை இயக்குவதில்லை. ஹேண்ட்பிரேக்கின் இடம் இங்கேதான்: ஐஎஸ்ஓவைக் கொடுத்து, எச்.264, ஆர்எஃப் 18, நொடிக்கு 50 சட்டகம் என்று அமைத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். மூலம் பத்திரமாக இருப்பதால் இந்தப் பிரதியின் தரம் பிடிக்காவிட்டால் மறுபடி செய்துகொள்ளலாம். உரிய இடத்தில் இரு பிரதியும் இருக்கின்றன என்று உறுதியான பிறகும் பழைய வட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இன்று டிடிரெஸ்க்யூவுக்கு எட்டாத 32 கேபி துண்டுகள் நாளை வேறொரு டிரைவுக்கு எட்டலாம். வரைபடக் கோப்பையும் அந்த வட்டின் ஐஎஸ்ஓவோடு ஒரே கோப்புறையில் சேமித்து வைக்க வேண்டும்.